பொம்மைக் குட்டியின் கண்ணுக்குள் கமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிவியில் ஒரு பொம்மைக் குரங்குக்குட்டியை நிஜக் குரங்குகள் தூக்கிக் கொஞ்சியதைப் பார்த்தேன். அது பொம்மை என்று அதுகளுக்குத் தெரியாதா? எங்கள் லயத்துக்கு வருகிற குரங்குகளுக்கு எந்த டின்னில் பிஸ்கட் இருக்கிறது என்பதுவரை தெரிகிறதே! – வாசகி, தலவாக்கலை

பதில்: லயத்துக் கூரையில் ஓடுகிற செங்குரங்குகளை இதில் இழுக்காதீர்கள், அதுகள் தனி ரகம். நீங்கள் பார்த்தது பிபிசி 2017 இல் ஒளிபரப்பிய தொடராகத்தான் இருக்க வேண்டும், ஜான் டவுனரின் குழு எடுத்தது. இடம் ராஜஸ்தான். அங்கே இருந்தவை மந்திகள், நம் உலர் வலயத்துச் சாம்பல் மந்திகளுக்குச் சொந்தக்காரர்கள். மந்திக் கூட்டத்தில் ஒருத்தி பெற்ற குட்டியை மற்றப் பெண்களும் மாற்றி மாற்றித் தூக்குவார்கள், அதனால் குட்டி வேடம் போட்டது கெட்டிக்காரத்தனம். கமரா இருந்தது பொம்மையின் கண்ணில். தலையைத் திருப்புவதெல்லாம் தூரத்தில் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிற ஆள், பொம்மை தானாக எதையும் யோசிப்பதில்லை.

பிறகு ஒரு மந்தி அதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கை நழுவி விழுந்துவிட்டது. விழுந்தது அசையவில்லை. கூட்டமே சுற்றி உட்கார்ந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்து, சத்தமில்லாமல் இருந்தது. பின்னணிக் குரல் அதைத் துக்கம் என்றது. அமைதியாக இருந்தன என்பதுவரை நானும் சொல்வேன், அதற்குமேல் மந்தியின் மனசுக்குள் போக எனக்குத் துணிவில்லை.

இதே குழு 2000 இல் சிங்கங்களுக்குப் பாறை வேடத்தில் கமரா வைத்தது, 2003 இல் யானைகளுக்கு நடுவே சாணிக் குவியல் வேடத்தில். எனக்குப் பிடித்தது 2008 இல் இந்தியாவின் பெஞ்ச் காட்டில் செய்தது. மரத்துண்டு மாதிரி இருந்த கமராவைப் பழக்கிய யானைகளே தும்பிக்கையில் தூக்கிப் போய்ப் புலிக்குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தன. யானை வந்தால் புலிக்கு அது புதினமில்லை, மனுசன் வந்தால்தானே ஓட வேண்டும்!

கேள்வி: எங்கள் மலையில் சிறுத்தை நடமாடுகிறது, இரண்டு நாயைக் காணோம். சாக்கில் ஒரு மான் செய்து, உள்ளே கமரா வைத்தால் படம் எடுக்கலாமா? – வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, சாக்கு மானை விட்டுவிடுங்கள். மழை பெய்தால் அது நாறும், அந்த நாற்றத்துக்கு நாய்தான் முதலில் வரும். சிறுத்தை தேயிலைக்கு நடுவே நாம் போட்ட பாதையிலேயே ராத்திரியில் நடக்கிற பிராணி, அதற்கு வேடம் தேவையில்லை. தானியங்கிக் கமரா ஒன்றை மரத்தில் கட்டிவிட்டு ஆள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். சூடான உடம்பு முன்னால் அசைந்தால் உள்ளே இருக்கிற சென்சார் உணர்ந்து படம் எடுக்கும். முழங்கால் உயரத்தில், பாதையிலிருந்து மூன்று நான்கு மீற்றர் தள்ளிக் கட்டுங்கள், கிழக்கையும் மேற்கையும் பார்க்க வைக்காதீர்கள். சிறுத்தையின் புள்ளிகள் ஆளுக்கு ஆள் வேறு, அதே சிறுத்தைக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி வலப்பக்கம் ஒரு மாதிரி. அதனால் எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பாதைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கமரா வேண்டும்.

நான் முதல்முறை கட்டியது ஒரு கருப்பந்தைல மரத்தில். முன்னால் இருந்த மானாப்புல்லை வெட்டாமல் வந்துவிட்டேன். ஒரு கிழமை கழித்து, இரண்டு காலிலும் அட்டை தொங்க ஏறிப்போய் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் படம். வெயிலில் சூடாகிக் காற்றில் ஆடிய புல், புல், மறுபடியும் புல். நடுவில் ஒரு படம் மட்டும் செங்குரங்கின் கடைவாய்ப் பல், அவ்வளவு கிட்டத்தில். அதற்கடுத்த படங்கள் எல்லாம் வானம், ஏனென்றால் அது பெல்டை இழுத்துக் கமராவை மேலே பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. சிறுத்தையா? கடைசி நாள் இரவில் வால் நுனி மட்டும்.

இன்னொன்று. கட்டுவதற்கு முன் தோட்டத்துத் துரையிடமும் லயத்து ஆட்களிடமும் சொல்லுங்கள், பெண்கள் ஒதுங்கப் போகிற பக்கம் தப்பித்தவறியும் கட்ட வேண்டாம். வனப்பக்கம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். படம் கிடைத்தாலும் இடத்தின் பெயரோடு பேஸ்புக்கில் போடாதீர்கள். பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைக்கிறவர்களும் பேஸ்புக் பார்க்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு கம்பியில் கழுத்து மாட்டிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை.

கேள்வி: ஹோர்டன் சமவெளியில் மரையைக் கிட்டப் படம் எடுக்க என்ன வேடம் நல்லது? – வாசகி, பண்டாரவளை

பதில்: ஒரு வேடமும் வேண்டாம் அக்கா. வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்றாலே மரை உங்கள் பையைத் தேடிக்கொண்டு வரும், ஆட்கள் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பொலித்தீன் பையை மட்டும் வெளியே எடுக்காதீர்கள், அதையும் சேர்த்துத் தின்னும்.