காய்ச்சலில் இழுப்பு வந்த குழந்தைக்குப் பின்னாளில் காக்காய் வலிப்பு வருமா?

சகோதரி, நீங்கள் சொன்னது: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தில் குடியிருக்கிறீர்கள். ஒன்றரை வயது மகன், 10 கிலோ. காய்ச்சலில் உடம்பு முழுக்க 2 நிமிடம் இழுத்து, தானாக நின்றது. லயத்தில் எல்லாரும் "காக்காய் வலிப்புதான்" என்கிறார்கள்.

அந்தப் பேச்சை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை, 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலில் இப்படி வருகிறது. இதற்குக் காய்ச்சல் வலிப்பு என்று பெயர். அமெரிக்காவில் நெல்சன், எல்லன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை 7 வயது வரை பின்தொடர்ந்து 1976இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பேசப்படுகிறது. காய்ச்சல் வலிப்பே வராதவர்களில் 1,000க்கு 5 பேருக்குக் காக்காய் வலிப்பு வந்தது. வளர்ச்சி சரியாக இருந்து, முதல் இழுப்பு சாதாரணமாக முடிந்தவர்களில் 11 பேர். வளர்ச்சியில் முன்பே சந்தேகம் இருந்து, முதல் இழுப்பும் சிக்கலாக அமைந்தவர்களில் 92 பேர்.

சிக்கல் என்பதற்கு மூன்று அடையாளம் உண்டு: 15 நிமிடத்துக்கு மேல் நீள்வது, ஒரு கை காலில் மட்டும் இழுப்பது, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வருவது. உங்கள் மகனுக்கு நீளமும் இல்லை, ஒருபக்கமும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் திரும்ப வரவில்லை என்றால் இது சாதாரண வகைதான். குடும்பத்தில் யாருக்காவது காக்காய் வலிப்பு இருந்தால் மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குறுகிய இழுப்பு மூளையையோ படிப்பையோ கெடுப்பதில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதுதான் சில பிள்ளைகளுக்கு மூளையின் பொட்டுப் பகுதியில் தழும்பு விட்டு, பிற்கால வலிப்புக்கு வழி வைக்கலாம். அதனால்தான் கடிகாரம் முக்கியம்.

காய்ச்சல் வலிப்பு மறுபடி வர வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. வந்தால், முதலில் மணியைப் பாருங்கள். பாயில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். பல் உடையும், மூச்சு அடைக்கும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் நிற்காது. 2 நிமிடத்தில் நின்றால், அது தானாக நின்றதுதான். பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் இழுத்தது, எவ்வளவு நேரம் என்பதை டாக்டருக்கு அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

5 நிமிடம் தாண்டினால் 999ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் செம்பனைக்குள் வழி தேடி நிற்காதபடி ஒருவரைத் தோட்ட முச்சந்திக்கு அனுப்பி வையுங்கள். இழுக்கும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டுபோவது பெரிய ஆபத்து. டாக்டர் ஆசனவாயில் செலுத்தும் டயசெபாம் (வலிப்பை நிறுத்தும் மருந்து) குழாய் கொடுத்திருந்தால் (கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், இவனுக்கு 5) அந்த 5ஆம் நிமிடத்தில் போடுங்கள். அழுத்திய விரலைத் தளர்த்தாமலே குழாயை வெளியே எடுங்கள். தளர்த்தினால் மருந்து குழாய்க்குள்ளேயே திரும்பிவிடும். பிறகு மூச்சைக் கவனியுங்கள்.

முதல் தடவை என்றால், நின்றுபோனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று பார்த்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும். இன்னும் காட்டவில்லை என்றால் இப்போதே சுங்கை சிப்புட் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சாதாரண வகைக்கு மூளை அலைப் பதிவோ ஸ்கேனோ தேவையில்லை, தினசரி வலிப்பு மாத்திரையும் தேவையில்லை.

பாராசிட்டமால் உடம்பு நோவைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு சிரப் உண்டு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் இவனுக்கு 150. முதல் வகையில் அது ஏறத்தாழ 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லிதான். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். டெங்கி நடமாடும் ஊர் என்பதால் புரூஃபென் என்ற காய்ச்சல் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனிக் காய்ச்சல் இல்லாமலே இழுத்தாலோ, விழித்தபடி வெறித்து நின்றாலோ ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக் குழந்தை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். 18 மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நர்சிடம் இழுப்பு வந்ததைச் சொல்லி கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் வரலாம், அந்த இரவுகளில் மட்டும் அவனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.