தம்பியை ஏன் ஒளிக்க வேண்டும்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. மூன்று வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது தேறிவிட்டான், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ஆனால் என்னைப் பெண் பார்க்க வரும் நாட்களில் அவனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாத்திரைகளை அம்மா அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். "வெளியில தெரிஞ்சா உனக்கு வரன் அமையாதுடி" என்கிறார். ஜப்பானில் இருக்கும் என் தோழி, அங்கெல்லாம் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை என்கிறாள். நம் ஊர்தான் இப்படியா? நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, துறையூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தோழி ஜப்பானின் பழைய கதையை அறிந்திருக்க மாட்டார். மனநோய் வந்தவரை வீட்டிலேயே ஓர் அறையில் பூட்டி வைக்க 1900-ல் அங்கே சட்டமே அனுமதித்தது. 1950-ல்தான் அது நீங்கியது. உங்கள் தம்பிக்கு வந்த நோய்க்கு அங்கே இருந்த பெயருக்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள். அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கி, நோயாளியிடமே பல டாக்டர்கள் உண்மையை மறைத்தார்கள். பெயரை மாற்றுங்கள் என்று 1993-ல் கேட்டவர்கள் யார் தெரியுமா? நோயாளிகளின் குடும்பத்தார். 2002-ல் 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பொருளில் புதுப்பெயர் வந்தது. அந்த ஆண்டு நூற்றுக்கு 37 பேருக்குத்தான் தங்கள் நோய் என்னவென்று சொல்லப்பட்டிருந்தது. இரண்டே ஆண்டில் அது 70-ஐ நெருங்கியது.

நம்முடைய 'மனச்சிதைவு' என்ற சொல்லையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சிதைந்தது திரும்ப ஒன்று சேராது என்றுதானே கேட்பவருக்குத் தோன்றும்? கணக்கு எழுதும் உங்கள் தம்பிக்கு அது பொருந்தவே இல்லை.

பெல்ஜியத்தில் கீல் என்றொரு ஊர். டிம்ஃப்னா என்ற புனிதரின் கோயிலுக்கு, குணம் வேண்டி மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். கோயிலில் இடம் போதாமல், ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைக்கத் தொடங்கினார்கள். நூற்றாண்டுகள் கடந்து இன்றும், எண்ணிக்கை குறைந்தாலும், அது தொடர்கிறது. அங்கே அவர்களை நோயாளி என்பதில்லை, 'தங்க வந்தவர்' என்பார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கும் அப்படித்தான் குணம் தேடி வந்தார்கள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் விருந்தாளி வரும்போது பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் பயம் உங்களுக்காக. அவரிடம் முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். ஒளித்து வைத்த மாத்திரை வேளை தவறும், ஊர் மாறும்போது விட்டுப்போகும். டாக்டரைக் கேட்காமல் நின்றுபோனால் நோய் திரும்பக்கூடும். வரனைவிட இது அவசரம்.

வரன் வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தரகர் வழியாக அல்ல, நேரில். "தம்பிக்கு மனநலச் சிகிச்சை நடக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான்" என்றால் போதும். பரம்பரையாக வருமா என்று கேட்பார்கள். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும், ஆனால் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்து, ஒவ்வொரு சண்டையிலும் உங்கள் தம்பியின் பெயர் இழுபடுவது அதைவிடக் கொடுமை.

அம்மாவுக்குத் தன் பயத்தை யாரிடமாவது சொல்லி அழ வேண்டியிருக்கும். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதல் தடவை நீங்களே எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுங்கள். அடுத்து யாராவது பெண் பார்க்க வந்தால், தம்பியும் கூடத்தில் உட்காரட்டும்.