சும்மாதான் கூப்பிட்டேன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான்கு வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. நடக்கிற வழியில் ஆணியோ கண்ணாடித் துண்டோ கிடந்தால் குனிந்து எடுத்து அப்புறப்படுத்திவிடுவேன். அலுவலகத்தில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைப்பேன். சொட்டுகிற குழாயைப் பார்த்தால் இறுக்கி மூடாமல் தாண்டிப் போக வராது. வாட்ஸ்அப்பில் வருகிற செய்தி உண்மையா என்று தெரியாவிட்டால் யாருக்கும் அனுப்ப மாட்டேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

இரண்டு மாதம் முன்பு, வெளியூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் வந்திருந்தான். பேச்சின் நடுவில் நான் எழுந்து போய் அடுத்த அறை விளக்கை அணைத்ததைப் பார்த்துவிட்டு, "யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு தொழிற்சாலை ஒரு நாளில் இழுக்கிற கரண்டை நீ ஆயுசு முழுக்க மிச்சம் பிடிக்க முடியாது. உன் மனசுக்கு நல்லா இருக்கு, அதனால செய்யற. உலகத்துக்கு இதால ஒண்ணும் ஆகாது" என்றான். நான் "சிறு துளி பெருவெள்ளம்" என்றேன். சிரித்தான். பேச்சு வளர்ந்து சண்டையாகிவிட்டது. அவன் ஊருக்குப் போன பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கோபம் போய்விட்டது, கேள்வி போகவில்லை. இப்போது குழாயை மூடப் போகும்போதே கை தயங்குகிறது. அவன் சொன்னது சரியா? நான் செய்வதெல்லாம் என் மனத்திருப்திக்கு மட்டும்தானா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

"கை தயங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் உங்கள் அண்ணன் பக்கம். அவர் சொன்னதில் பாதி சரி. நீங்கள் விளக்கை அணைப்பதால் பூமியின் சூடு தணியாது. மின்சாரத்தை எதிலிருந்து எடுப்பது, தொழிற்சாலை எதைக் காற்றில் விடலாம், எதை விடக் கூடாது என்பதையெல்லாம் அரசும் சட்டமும் தொழில்துறையும் சேர்ந்துதான் மாற்றியாக வேண்டும். ஆளுக்கொரு விளக்கை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள், பெரிய இடங்களில் இருக்கிற பொறுப்பை நைசாக இறக்கி உங்கள் தலையில் வைக்கிறார்கள். அதற்கு நீங்கள் தலை கொடுக்க வேண்டாம்.

"சிறு துளி பெருவெள்ளம்" என்று சொல்வதை நானும் விட்டுவிட்டேன். அந்தப் பேச்சில் துளிக்கென்று மதிப்பே இல்லை, வெள்ளம் வந்தால்தான் மதிப்பு. வெள்ளம் வராவிட்டால் துளி வீண். அண்ணன் சொன்ன சோளப்பொரியும் அதே கணக்குதான். நீங்கள் இருவரும் ஒரே தராசைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தராசை என் கையிலிருந்து பிடுங்கியது ஓர் உடைந்த கண்ணாடி டம்ளர். சில வருடங்களுக்கு முன் சமையலறையில் அது கை நழுவி உடைந்தது. கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் போட்டு, பையை முடிந்து வெளியே வைத்துவிட்டேன். மறுநாள் காலை குப்பை எடுக்க வந்தவர் வண்டியில் இடம் போதாமல் பைகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். சட்டென்று கையை உதறினார். கட்டை விரலுக்குக் கீழே, அந்தச் சதைப்பற்றான இடத்தில், ரத்தம் கோடாக இறங்கியது. அது என் வீட்டுப் பை. உள்ளே ஓடி மருந்தும் துணியும் எடுத்து வந்து கட்டினேன். "பரவால்ல சார், பழகிடுச்சு" என்றார். அந்த 'பழகிடுச்சு' இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தால் பெரிய துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, பொடியை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுப்போம். எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, திறந்துகொள்ளாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று பெரிதாக எழுதுவோம். வருகிறவருக்குப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். அதனால் மற்ற பைகளோடு வைக்காமல் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லிவிடுவோம். பழைய பிளேடு, ஊசி எல்லாவற்றுக்கும் இதேதான். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

இது எந்த வெள்ளத்தோடும் போய்ச் சேராது. உலகத்தில் எத்தனையோ வீடுகளில் கண்ணாடியை அப்படியே பையில் போடுகிறார்கள், போடத்தான் போகிறார்கள். ஆனால் அந்தக் காலையில், அந்த ஒரு கைக்கு, கிழிவதும் கிழியாமல் இருப்பதும்தான் முழுக் கணக்கும். நீங்கள் வழியில் கிடக்கும் ஆணியை எடுக்கிறீர்களே, அதுவும் இந்த வகை. எந்தக் கால் தப்பித்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தப்பித்த காலுக்கும் தெரியாது.

சொட்டும் குழாயையும் பார்த்துவிடுவோம். நொடிக்கு ஒரு துளி என்றால் ஒரு நாளைக்கு 86,400 துளி. ஒரு துளி கால் மில்லி என்று வைத்தால் 20 லிட்டருக்கு மேல் வருகிறது. ஒருவர் ஒரு வாரத்தில் குடிக்கிற தண்ணீரை விட அதிகம். இறுக்கி மூடியும் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல்லுங்கள். உலகத்தின் தண்ணீர்ப் பஞ்சம் இதனால் தீரப்போவதில்லை என்றாலும், அந்தத் தொட்டியில் அந்த 20 லிட்டர் இருக்கும்.

சரி, சின்னச் செயலுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்பிரே டப்பாக்களிலும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் இருக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். தொழில்துறை மறுத்தது, சட்டம் எதுவும் அப்போது இல்லை. அந்த இடைவெளியில் அமெரிக்காவில் நிறையப் பேர் ஸ்பிரே டப்பா வாங்குவதை நிறுத்திவிட்டு, உருட்டித் தடவுகிற வாசனைப் பொருளுக்கு மாறினார்கள். விற்பனை சரிந்தது. 1978-இல் அங்கே அத்தியாவசியமில்லாத ஸ்பிரேக்களில் அந்த வாயுக்களுக்குத் தடை வந்தது. 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் துளை கண்டுபிடிக்கப்பட்டது, 1987-இல் அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்துவதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று ஐ.நா.வில் உள்ள எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன. ஓசோன் படலம் மெல்ல மீண்டுவருகிறது.

டப்பாவை வாங்காமல் விட்டவர்கள் ஓசோனைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம்தான் காப்பாற்றியது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே ஜனங்கள் அதற்குத் தயாராகியிருந்தார்கள். ஒரு பழக்கத்தைக் கைவிட்டவருக்கு அதைத் தடை செய்யும் சட்டம் பாரமாக இருக்காது, அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கும் தைரியமும் அவருக்கு இருக்கும். நீங்களும் விளக்கை அணைப்பதோடு நிற்காமல், ஓட்டுப் போடும்போது, கூட்டங்களில் பேசும்போது, பெரிய கேள்விகளையும் கேளுங்கள். அண்ணனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் அவ்வளவுதான்.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. அதற்கு ஜெரோம் மோட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவராக இருந்தவர். மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பியதும் மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று விட்டுவிட்டவர்களைப் பற்றி அவருக்குக் கவலை. உதவி தேவைப்படுகிறவர்கள், உதவிக்கு வர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

1969-இல் அவர் ஓர் ஆய்வு தொடங்கினார். அப்படிப்பட்ட 843 பேரை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு எதுவும் செய்யவில்லை. இன்னொரு பிரிவினருக்குக் கடிதம் போனது, அவ்வளவுதான். மருத்துவமனையில் அவர்களிடம் ஏற்கெனவே பேசியிருந்த அதே நபர்தான் எழுதினார். நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலமாகிவிட்டது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றினால் மகிழ்வோம் என்கிற மாதிரி இரண்டு மூன்று வரிகள். சிகிச்சைக்கு வாருங்கள் என்று இல்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற விசாரணை இல்லை. முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஐந்து வருடத்தில் மொத்தம் 24 கடிதங்கள். யாராவது பதில் எழுதினால், அடுத்த கடிதம் அந்தப் பதிலுக்குப் பதிலாக இருக்கும்.

கடிதம் கிடைத்தவர்களில் தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு வருடங்களில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. விரிவான முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. இரண்டாம் உலகப் போரில் வீட்டை விட்டு வெகு தொலைவில் ராணுவத்தில் இருந்தபோது, அறிமுகமான ஒரு பெண் தனக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதங்களிலிருந்துதான் மோட்டோவுக்கு இந்த யோசனை வந்தது. எதையும் எதிர்பார்க்காத கடிதங்கள்.

எதையும் கேட்காமல் செய்கிற இந்தக் காரியத்துக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. சும்மா. "என்ன விஷயம்?" "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்." கடன் கேட்கவோ சிபாரிசு கேட்கவோ இல்லை, உன் நினைப்பு வந்தது, கூப்பிட்டேன். மோட்டோ அனுப்பியது 24 'சும்மா'க்கள்.

என் அம்மா இறந்த வருடம். முதல் மாதம் எல்லாரும் வந்தார்கள், அப்புறம் அவரவர் வேலை. அது இயல்புதான். முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர், நெருங்கிய நண்பர் என்றுகூடச் சொல்ல முடியாது, ஞாயிறு தோறும் சாயங்காலம் போன் செய்வார். எடுத்ததுமே "சும்மாதான் கூப்பிட்டேன்" என்பார். மூன்று நிமிடம், நான்கு நிமிடம் பேசுவோம். மழை வந்ததா, முதுகு வலி எப்படி இருக்கிறது. அம்மாவைப் பற்றி அவராக எதுவும் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு போன் வந்தபோது நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமாக என்று எனக்கே தெரியவில்லை. மடியில் போன் வெளிச்சம் வந்த பிறகுதான் இருட்டிவிட்டது என்பதே உறைத்தது. பேசிக்கொண்டே எழுந்து போய் விளக்கைப் போட்டேன். சுவரைத் தடவி அந்த சுவிட்சைத் தேடியது இப்போதும் விரலில் இருக்கிறது.

பல வருடம் கழித்து அவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா? ஒரு வருஷமா கூப்பிட்டேன்?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை.

கடைசியாக, மனத்திருப்திக்காகச் செய்கிறேனா என்ற உங்கள் கேள்வி. திருப்தி கிடைத்தால் கிடைக்கட்டுமே, அதில் என்ன குற்றம்? ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, முகம் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். 18 வயதானதும் 1954-இல் ரத்தம் கொடுக்கத் தொடங்கி, 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார். தொடங்கிச் சில வருடங்கள் கழித்துத்தான் அவருடைய ரத்தத்தில் ஓர் அரிய எதிர்ப்புப் பொருள் இருப்பது தெரியவந்தது. தாயின் ரத்த வகையும் குழந்தையின் ரத்த வகையும் ஒத்துப்போகாத கர்ப்பங்களில் குழந்தையைக் காப்பாற்றும் மருந்தை அதிலிருந்து செய்தார்கள். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியதாக மதிப்பிடுகிறார்கள். 24 லட்சத்தை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மறக்காதது வேறு: அவருக்கு ஊசி என்றால் பயம். ஊசி ஏறும்போது ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பும் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார். அது மனத்திருப்திக்கா, நன்றிக்கா என்று பிரித்துப் பார்ப்பதால் அந்த ரத்தத்தில் எதுவும் மாறிவிடாது.

அதனால் குழாயை மூடுங்கள், கை தயங்காமல் மூடுங்கள். ஆணியையும் எடுங்கள். முடிந்தால் ஓரமாகப் போடாமல் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய்விடுங்கள். ஓரமாகக் கிடந்தால் கூட்டுகிறவர் கைக்கு அது போகும்.

இன்னொன்று. அண்ணனோடு பேசி இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை அவருக்கு அனுப்பி வைக்க வேண்டாம், அது மறுபடியும் வாதமாகிவிடும். இன்று ராத்திரி ஒரு போன் போடுங்கள். விளக்குப் பேச்சை எடுக்காதீர்கள். என்ன விஷயம் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்.