விமானம் தரையிறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?

எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடும் கண்டெய்னர் லாரிக்குக் காற்று இறங்கினால் பிரேக் தானாக இறுகிவிடுகிறதே, விமானத்திலும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர் எதிர். லாரியில் பிரேக்கை இறுக்கும் ஸ்பிரிங்கை விலக்கிப் பிடிப்பதே காற்றழுத்தம். பெரும்பாலான விமானங்களில் ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாய்த் திரவத்தின் அழுத்தம், இருந்தால்தான் பிரேக்கே பிடிக்கும்.

அதனால் மாற்று ஏற்பாடு கட்டாயம். ஏர்பஸ் ஏ320-இல் ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு நிறங்களே பெயர்: பச்சை போனால் மஞ்சள். அதுவும் போனால் அக்யுமுலேட்டர் என்ற அழுத்தக் கலனில் சேமித்த அழுத்தத்தில் குறைந்தது 7 முறை முழுதாக மிதிக்கலாம். ஆனால் அப்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஆன்ட்டி ஸ்கிட் கிடையாது; பிரேக் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தாண்டாமல் மிதிக்க வேண்டும், இல்லையேல் சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் வெடிக்கலாம்.

என்னைக் கேட்டால், பிரேக் கோளாறைவிட மழைதான் பெரிய கவலை. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் தோராயமாக, டயரின் பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல 9 மடங்கு. 200 பிஎஸ்ஐ டயருக்கு 127 நாட். தரையைத் தொடும் வேகமோ பெரும்பாலும் அதற்கும் மேல். அந்த விநாடிகளில் பெடலை மிதித்துப் பயனில்லை. இறக்கைமேல் நிமிரும் ஸ்பாய்லர் தகடுகள் எடையைச் சக்கரத்தில் இறக்க வேண்டும், எஞ்சின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பும் ரிவர்சர் இழுக்க வேண்டும்.

பிரேக் மிதமிஞ்சிச் சூடேறினால் சக்கரத்திலுள்ள ஃபியூஸ் பிளக் என்ற அடைப்பான் உருகி, டயர் வெடிக்கும் முன்பே காற்றை வெளியேற்றிவிடும். பிரேக் தேய்மானத்தை அறிய, பார்க்கிங் பிரேக் போட்டு, பிரேக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இண்டிகேட்டர் பின் என்ற சிறு ஊசியைப் பாருங்கள்: வெளியே நீட்டாமல் மட்டமாகிவிட்டால் பிரேக்கை மாற்றியே ஆக வேண்டும்.