நூற்றிருபது மணி நேரத்தில் எவ்வளவு சீனம்?

கேள்வி: வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, இடைக்காலக் கடல் வணிகம் குறித்து ஆய்வு செய்து வருகிறேன். சீன ஆவணங்களை மொழிபெயர்ப்பின் வழியாக மட்டுமே படிக்க முடிவது பெருங்குறையாக இருப்பதால், வெளிநாட்டினர் தைவானில் சீனம் கற்க அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் தரும் ஹுவாயு உதவித்தொகைக்குச் சென்ற ஆண்டு இரண்டு மாதப் பயிற்சி கேட்டு விண்ணப்பித்தேன். நல்ல மதிப்பெண்கள் இருந்தும் கிடைக்கவில்லை. என் படிப்புத் திட்டத்தை இணைத்துள்ளேன். மறுபடியும் முயலலாமா? (ஒரு வாசகி)

பதில்: தாராளமாக முயலலாம், ஆனால் இதே படிப்புத் திட்டக் கட்டுரையுடன் வேண்டாம். “சிறு வயது முதலே எனக்கு மொழிகளின் மீது தீராத ஆர்வம்” என்று தொடங்கும் உங்கள் கட்டுரை, அடுத்த இரண்டு பத்திகளில் சீனப் பண்பாட்டின் தொன்மையைப் போற்றுகிறது. உங்களை மற்ற விண்ணப்பதாரர்களிடமிருந்து பிரித்துக் காட்டக்கூடிய ஒரே செய்தியான கடல் வணிக ஆய்வோ கடைசிப் பத்தியில் ஒற்றை வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. தெரிவுக் குழுவினருக்குத் தங்கள் பண்பாட்டின் பெருமையை நீங்கள் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், “இரண்டு மாதங்களில் புலமை பெற்று மூல ஆவணங்களை நேரடியாக வாசிப்பேன்” என்ற உறுதிமொழி. இந்த உதவித்தொகையில் வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேர வகுப்பு கட்டாயம்; பண்பாட்டுச் சுற்றுலாவும் சுயபடிப்பும் அந்தக் கணக்கில் சேரா. எட்டு வாரங்களுக்கு அது 120 மணி நேரம் ஆகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனமோ, ஆங்கிலம் பேசுவோர் சீனத்தில் பணிக்குரிய தேர்ச்சி அடைய ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று மதிப்பிடுகிறது. உங்கள் தாய்மொழி எதுவாக இருந்தாலும் 120 மணி நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது என்பது மொழி கற்பிப்பவர் எவருக்கும் முதல் வாசிப்பிலேயே புலப்படும். போதாக்குறைக்கு, உங்களுக்கு வேண்டிய 13ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டவை. பயிற்சி மையங்களின் தொடக்க வகுப்புகளில் கற்பிக்கப்படுவதோ இன்றைய பேச்சுச் சீனம். இந்த வேறுபாட்டை நீங்களே எடுத்துச் சொல்லி, முதலில் இன்றைய சீனம், அதன் மேல் செவ்வியல் சீனம் என்று படிவரிசையை வகுத்துக் காட்டியிருந்தால், அறியாமையாகத் தோன்றிய அதே இடம் உங்கள் திட்டத்தின் வலிமையாக மாறியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கட்டுரையில் இருக்க வேண்டிய நல்ல பகுதியை நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் வைத்திருக்கிறீர்கள். ஏழு மாதங்களாக இரவுதோறும் உங்கள் உச்சரிப்பைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டு வருவதாகவும், ‘மா’ என்ற ஒரே அசை சமமாக நீண்டால் தாய், மேலேறினால் சணல், இறங்கி ஏறினால் குதிரை, சட்டென்று இறங்கினால் திட்டுதல் என்று பொருள் மாறும்போது, இரண்டாம் தொனியும் மூன்றாம் தொனியும் உங்கள் வாயில் இன்னும் ஒன்றாகவே ஒலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதை அப்படியே கட்டுரையின் முதல் பத்தியாக்குங்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் படிப்பை விடமாட்டார் என்று இதைப் படிப்பவருக்குத் தோன்றும். தன் குறை எதுவென்று தெரிந்தவர் என்றும் தோன்றும். தேர்ச்சிச் சான்றிதழ் இருந்தால் இணையுங்கள். தைவானின் சீன மொழித் தேர்வான டோக்ஃபலின் முதல் படிநிலையே ஆனாலும் அது வெறும் ஆர்வத்தைவிட எடை மிக்கது.

ஏன் தைவான் என்ற கேள்விக்கும் உங்களிடம் உண்மையான விடை இருக்கிறது, ஆனால் அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. அங்கே எளிமையாக்கப்படாத மரபு எழுத்துகளே வழக்கில் உள்ளன; பழைய நூல்களை நோக்கிச் செல்பவருக்கு அது நேர்வழி. “அழகிய தீவு, அன்பான மக்கள்” என்ற வரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இதை எழுதுங்கள்.

கால அளவையும் மாற்றுங்கள். இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதங்கள் என்ற தெரிவுகளில், முழு நேர ஆய்வுக்கு முன் கால இடைவெளி இருப்பதாகச் சொல்லும் நீங்கள் ஒன்பது மாதங்களுக்கே கேட்கலாம். பணத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: மாதந்தோறும் தரப்படும் தொகைக்குள்தான் பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் அடங்க வேண்டும், விமானக் கட்டணம் உங்கள் பொறுப்பு. மையத்துக்கு மையம் கட்டணம் வேறுபடுவதால், மாதச் செலவைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகு மையத்தைத் தெரிவு செய்யுங்கள். மையத்தில் சேர்வதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், உதவித்தொகை கிடைத்தால் சேர்க்கை தானாக வந்துவிடாது என்பதையும் பலர் தாமதமாகவே அறிகிறார்கள்.

கேள்வி: பரிந்துரைக் கடிதத்தை என் துறைத் தலைவரிடம் வாங்கினால் மதிப்புக் கூடுமா? அவர் எனக்கு வகுப்பு எடுத்ததில்லை; என்னை நன்கு அறிந்தவர் என் மாலை நேர மொழி வகுப்பு ஆசிரியர்தான்.

பதில்: மதிப்புக் கூடப்போவதில்லை. உங்களை அறியாதவர் “ஒழுக்கமும் உழைப்பும் மிக்க மாணவர்” என்று எழுதித் தருவார். அந்தக் கடிதத்தில் வேறு எவர் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும். உங்கள் தவறுகளைத் திருத்திய மாலை நேர மொழி வகுப்பு ஆசிரியர் எழுதும் அரைப் பக்கம் அதைவிட மேல். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவே, உங்கள் படிப்புத் திட்டத்தின் நகலோடு அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு ஜெர்மனோ கொரியமோ ஒரு சொல்கூடத் தெரியாது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு உதவித்தொகையே கிடையாதா?

பதில்: உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், பல்கலைக்கழகக் கோடைகால வகுப்புகளுக்குத் தரும் உதவித்தொகை ஏற்கெனவே ஓரளவு ஜெர்மன் அறிந்த மாணவர்களுக்கானது. மாறாக, கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் பட்டப்படிப்புக்கு முன் ஓர் ஆண்டு மொழிப் பயிற்சியும் சேர்ந்தே வருகிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் கொரிய மொழித் தேர்வான டோபிக்கில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்பில் சேர முடியும். மொழியை மட்டும் கற்றுத் திரும்ப நினைப்பவருக்கு அது ஏற்றதன்று. அங்கேயே பட்டம் பெற விரும்பினால் விண்ணப்பியுங்கள்.