மரச்செதுக்கின் கறுப்பைத் துணியில் கொண்டுவருவது எப்படி?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஆஸ்திரேலிய ஓவியர் மார்கரெட் பிரஸ்டனின் மரச்செதுக்கு அச்சுப் பூக்களைப் பார்த்ததிலிருந்து, அந்தப் பாணியில் எங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக்கை 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் உள்ள சுவர்க் குவில்ட்டாக (துணிகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைக்கும் சுவர்த் தொங்கலாக) தைக்க முயல்கிறேன். வண்ண இலைகளைத் தைத்துவிட்டு, சுற்றிலும் கறுப்புப் பட்டி வைத்தால் கோடு கோணுகிறது, ஓரம் பிரிகிறது, துணியும் சுருங்குகிறது. எங்கே தவறுகிறேன்?”

வேலையைத் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள். பிரஸ்டன் (1875–1963) செதுக்கிய பலகையின் கறுப்பை முதலில் தாளில் பதித்து, அது விட்டுவைத்த வெள்ளை இடங்களில் பின்னர் கையால் வண்ணம் தீட்டினார். ஆகவே அந்தப் படங்களில் கறுப்புதான் எலும்புக்கூடு. நீங்களும் கறுப்பு முழுவதையும் ஒரே துணியாக வைத்துக்கொண்டு, வண்ணம் தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் சாளரம் வெட்டி, வண்ணத்துண்டுகளை அடியிலிருந்து கொடுங்கள். ஒவ்வொரு துண்டும் தன் சாளரத்தைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். அதன் ஓரம் கறுப்புக்கடியில் மறைந்துவிடுவதால் கோணல் என்ற பேச்சே எழாது.

இதற்கு, காகிதம் பிடித்த, இஸ்திரிச் சூட்டில் உருகி இருபுறமும் ஒட்டும் பசை வலையான ஃப்யூசிங் வலை தேவை. சட்டைக் காலருக்கு வைக்கும் ஒருபுறக் கேன்வாஸ் உதவாது. வலையைக் கறுப்புத் துணியின் பின்புறம் இஸ்திரி போட்டு ஒட்டி, காகிதத்தின் மேல் படத்தை வரைந்து வெட்டுங்கள். படம் இடவலம் மாறித்தான் விழும் என்பதால் பலகை செதுக்குபவரைப் போல நீங்களும் கண்ணாடிப் பிம்பமாகவே வரைய வேண்டும். முதன்முறை செய்பவர்களில் பலரும் இதை மறந்து ஒரு துணியை வீணாக்குவார்கள், நானும் வீணாக்கியிருக்கிறேன். வெட்டி முடித்தபின் காகிதத்தை உரித்துவிட்டு, காடாத் துணியின் மேல் வண்ணத்துண்டுகளைப் பரப்பி, அவற்றின் மேல் கறுப்பை வைத்து இஸ்திரி போடுங்கள். வெட்டிய ஓரத்தைப் பசை பிடித்துக்கொள்வதால் நூல் எளிதில் பிரியாது.

சில்வர் ஓக் நல்ல தேர்வு. நம் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட இந்த மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததே. பிரஸ்டன் செதுக்கிய பாங்ஸியா, வாரட்டா மலர்களும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் பெரணி போல நுணுக்கமாகப் பிளந்த அதன் இலையை உள்ளபடியே வெட்ட முனைந்தால் கைக்கு எதுவும் மிஞ்சாது. ஓர் இலைக்குப் பத்துப் பன்னிரண்டு மடல்களே போதும்; மடல்களுக்கிடையே கறுப்பு 5 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், அதைவிட மெல்லிய நரம்புகளை நூலுக்கு விட்டுவிடுங்கள். காற்றில் புரளும்போது தெரியும் வெள்ளி அடிப்புறத்துக்குப் பழைய சேலம் வெண்பட்டு வேட்டியின் துண்டைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. பட்டு என்பதால், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

சுருக்கத்துக்கு முக்கியக் காரணம் நெருக்கமான ஜிக்ஜாக் தையலாக இருக்கும். நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, அடியில் மெல்லிய தாள் வைத்து, சாளர ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே கறுப்பின் மேல் நேர்த்தையல் ஓட்டுங்கள். மிதி மெஷினே இதற்குப் போதும். தாளைக் கிழித்தெடுத்த பிறகு பஞ்சுத் தகட்டையும் பின்துணியையும் சேர்த்து, பத்து சென்டிமீட்டருக்கு ஓர் ஊக்கு வீதம் குத்தி, நடுவிலிருந்து வெளிநோக்கித் தையுங்கள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது துணி ஓரளவு சுருங்கியே தீரும். எல்லா அடுக்குகளையும் நான்கு புறமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, முடிவில் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.

கறுப்புத் துணியை வெட்டுவதற்கு முன்பே அலசி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்குவதே நல்லது, ஏனெனில் அடியில் இருப்பது வெண்பட்டு.

மாட்டுவதற்குப் பின்புறம் மேலோரத்தில் கழி நுழையும் குழல்பட்டி ஒன்று தைத்துவிடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் சுவரோடு ஒட்டிய துணி பூஞ்சை பிடிக்கும் என்பதால், கழியைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பொருத்துங்கள். கண்ணாடிச் சட்டம் வேண்டாம்.