கேள்வி–பதில்: பழைய மலைச்சைக்கிளின் முன் ஷொக்

எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் கைமாறிய பழைய மலைச்சைக்கிள்கள் பலவற்றின் முன் ஷொக்குகள் இப்போது ஒழுகத் தொடங்கியிருப்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகின்றது. இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய சைக்கிள் ஒன்றை, காற்றில் இயங்கும் றொக்‌ஷொக்ஸ் ரெக்கோன் ஷொக்குடன், கடையொன்றில் 45,000 ரூபாவுக்கு வாங்கினேன். முழுச் சேர்விஸ் செய்தது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார்கள். இரண்டு கிழமைக்குள் ஷொக்கின் இடது காலில் ஒயில் வடிகின்றது. என்ன செய்யலாம்? (கோப்பாய்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கின்றார்கள், எழுத்தில் வாங்கி வைத்த உங்களிடம் நான் ஒரு குறையும் காணவில்லை. நமது ஊரில் 'முழுச் சேர்விஸ்' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஷொக்கின் கீழ்க்கால்களுக்குள் வழுக்கி ஓடும் மேற்குழாயைத் துணியால் துடைத்து, தூசிச் சீலின் விளிம்பில் ஸ்பிறே அடித்து, நாலு தரம் அமுக்கிக் காட்டுவதுதான். அந்த ஸ்பிறே உள்ளே இருக்கும் கிறீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு கால்களின் அடியிலும் உள்ள பொல்ட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அலன் கீ நுழையும் குழிக்குள் பழைய மண் இறுகிக் கிடந்தால் அந்த ஷொக்கை ஒருவரும் திறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஷொக்கை நீங்கள் இப்போது திறக்க வேண்டாம். வடிவதையும் பொல்ட்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தருமாறோ திருத்தித் தருமாறோ கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். விற்பவர் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகின்றது; ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேரவும் வேண்டும். விளக்கம் கேட்பதற்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

முறைப்பாடு முடிந்த பிறகு நீங்களே திறப்பதாயிருந்தால், முதலில் மேல் வால்வை அழுத்திக் காற்றை முழுதாக விட்டுவிட வேண்டும். அடிப் பொல்ட்டுகளை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் பிளாஸ்ரிக் சுத்தியலால் தட்டினால், உள்ளே பற்றிக்கொண்டிருக்கும் தண்டு 'டக்' என்று விடும். அதன் பிறகே பொல்ட்டை முழுதாகக் கழற்றிக் கீழ்க்கால்களை உருவ வேண்டும். தட்டில் விழும் ஒயிலைக் கொட்டிவிடாமல் பாருங்கள்: பால் கலந்த தேநீர் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கின்றது, வெள்ளிப் பொடி மின்னினால் உலோகம் தேய்ந்திருக்கின்றது. முன்னதற்குச் சீல் மாற்றினால் போதும். பின்னது செலவு பிடிக்கும் காரியம்.

கேள்வி: தையல் இயந்திர ஒயில், தேங்காய் எண்ணெய், பிரேக் ஒயில் ஆகிய மூன்றும் வீட்டில் உள்ளன. எதை விடலாம்? (சுன்னாகம்)

பதில்: ஒன்றையும் விடக்கூடாது. பிரேக் ஒயில் பட்டால் சீல் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கேள்வி: கைநூலில் 5ஆம் இலக்க ஒயில் என்று இருக்கின்றது. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் 10ஆம் இலக்கத்தை, அதுவும் போத்தலில் அளந்து ஊற்றித் தந்து, 'எல்லாம் ஒன்றுதான்' என்கின்றார்கள். (நல்லூர்)

பதில்: இந்த இலக்க விடயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஷொக் ஒயில் போத்தலில் அச்சிடப்படும் 5, 10, 15 என்ற இலக்கங்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகள் அல்ல. ஒரு நிறுவனத்தின் 5ஆம் இலக்கமும் இன்னொன்றின் 5ஆம் இலக்கமும் தடிப்பில் கணிசமாக வேறுபடும். எஞ்சின் ஒயிலின் இலக்கமோ முற்றிலும் வேறோர் அளவுமுறையைச் சேர்ந்தது. ஒப்பிடுவதற்குப் பயன்படும் எண், 40 பாகை செல்சியஸில் அந்த ஒயிலின் பாகுநிலை, அதாவது தடிப்பு, எத்தனை சென்ரிஸ்ரோக் (அதை அளக்கும் அலகு) என்பதுதான். நேர்மையான தயாரிப்பாளர் அதைத் தமது தரவுத்தாளில் போட்டிருப்பார். கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால், போத்தலின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து வீட்டிலிருந்து தேடிப் பார்த்த பின் காசைக் கொடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பெரும்பாலும் வலது காலுக்குள் இருக்கும், ஷொக்கின் துள்ளலை அடக்கும் டம்பரில் ஒயில் மிகச் சிறிய துளைகளின் வழியாகத்தான் போய் வரவேண்டும். ஒயில் தடித்தால், அமுங்கிய ஷொக் மேலே வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும்; மெலிந்தால் கைபிடி துள்ளும். ஆனால் கீழ்க்காலுக்குள் விடும் ஒயிலுக்கு மேற்குழாய் வழுக்கி ஓடச் செய்வதைத் தவிர வேறு வேலையில்லை. அங்கே 15ஆம் இலக்கம் வழக்கம். இலக்கம் சற்று மாறினாலும் குடி முழுகிப் போகாது. அங்கே கேடு செய்வது அளவுதான். றொக்‌ஷொக்ஸின் காற்று ஷொக்குகள் பலவற்றுக்குக் காலொன்றுக்கு 5 முதல் 15 மில்லிலீற்றர் போதும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதுபோல ஊற்றினால் ஷொக் முழுதாக அமுங்காது, சீலும் பிதுங்கும். பழைய மர்சோக்கி பொம்பர் போன்றவை ஒயிலில் மூழ்கியே வேலை செய்பவை, அவற்றுக்கு இதைவிடப் பன்மடங்கு தேவை. ஆகவே மொடலின் கைநூலைப் பார்க்காமல் ஒரு துளியும் ஊற்றாதீர்கள். அளந்து விற்கும் ஒயிலை வாங்கவே வேண்டாம். அந்தப் போத்தலுக்குள் நேற்று என்ன இருந்தது என்பது விற்பவருக்கே தெரியாது.

கேள்வி: வீடியோவைப் பார்த்து றொக்ஷொக்ஸ் றீபா ஷொக்கைத் திறந்தேன். மேல் மூடி பறந்து கூரையில் பட்டது. திருப்பிப் பூட்டியபோது இரண்டு வளையங்களும் ஒரு சிறிய ஸ்பிரிங்கும் மிஞ்சிவிட்டன. அவை எங்கே போக வேண்டியவை? (மானிப்பாய்)

பதில்: கூரையில் பட்டது உங்கள் கண்ணில் படாதது உங்கள் அதிர்ஷ்டம். பழைய றீபாவில் இடது காலின் மேலே ஒரு காற்று வால்வும் அடியில் இன்னொரு வால்வும் உண்டு. இரண்டையும் வெறுமையாக்காமல் மூடியைத் தொடவே கூடாது. இதை அந்த வீடியோவும் சொல்லியிருக்கும். நீங்கள் அந்த இடத்தைத் தாண்டி வீடியோவை ஓட்டியிருப்பீர்கள். மிஞ்சிய வளையங்களைக் கடிதத்தில் வைத்துக்கொண்டு நான் இடம் சொல்ல முடியாது. உங்கள் மொடல் ஆண்டுக்கான, பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை நிறுவனம் இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றது. அதை முன்னால் வைத்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, கழன்ற ஒழுங்கிலேயே துணியில் வரிசையாக அடுக்கிப் படம் எடுங்கள். அதுவரை அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். தம்பி தங்கையரையும் ஏறவிடாதீர்கள்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து மாமா 1990களின் றொக்ஷொக்ஸ் ஜூடி ஷொக் ஒன்றை அனுப்பினார். திறந்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் பிசின்போல ஒட்டுகின்றது. (வல்வெட்டித்துறை)

பதில்: அந்தப் பிசின் ஒரு காலத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்த, ரப்பர் போன்ற மீள்மக் கட்டை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயது போனால் அது இப்படித்தான் உருகும், அல்லது கல்லாக இறுகும். அதே கட்டையைப் பாவிக்காத பழைய இருப்பு என்று விற்பவரிடம் வாங்கினால், பெட்டிக்குள்ளேயே முதுமை அடைந்த பொருளுக்குக் காசு கொடுக்கின்றீர்கள். உருக்குச் சுருள்வில்லுக்கு மாற்றும் தொகுதி கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: சன்ரூர் எக்ஸ்.சி.ரி. ஷொக் கிறீச்சிடுகின்றது. சேர்விஸுக்கு 6,000 ரூபா கேட்கின்றார்கள். (காரைநகர்)

பதில்: கொடுக்காதீர்கள். அது சுருள்வில்லும் கிறீஸும் மட்டுமே உள்ள மலிவுச் சாமான். அடியில் உள்ள இரண்டு பொல்ட்டுகளையும் கழற்றினால் கீழ்க்கால் கையோடு வரும். துடைத்து, ரப்பருக்குத் தீங்கு செய்யாத கிறீஸை உள்ளே உள்ள புஷ்களில் (மேற்குழாய் உரசி ஓடும் வளையங்களில்) பூசிப் பூட்டுங்கள். உங்கள் பக்கத்து உப்புக் காற்றில் அதன் உருக்குக் குழாய் துருவேறுவது இயல்பு. துரு குழி விழுத்தியிருந்தால் கிறீஸும் வீண்தான். பாலத்தில் கடல்நீர் தெறித்த நாட்களில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வாருங்கள், ஆனால் மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்து அழுத்தத் தண்ணீரைச் சீலுக்கு நேரே பிடிக்கவிடாதீர்கள்.

கேள்வி: மகள் ரியூஷனுக்குப் போக ஷொக் உள்ள சைக்கிள் வாங்கலாமா? (பருத்தித்துறை)

பதில்: வேண்டாம். மேடில்லாத ஊரில் அகன்ற ரயரும் அளவான காற்றும் போதும்.

கேள்வி: மேற்குழாயில் நகம் இடறும் அளவுக்குக் கீறல். லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருவதாகச் சொல்கின்றார்கள். (சாவகச்சேரி)

பதில்: அந்தப் பட்டறைக்காரர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆயினும் இது அவருக்குரிய வேலை அல்ல. அது மெல்லிய அலுமினியக் குழாய். வெல்டிங் சூட்டில் அதன் உறுதி போய்விடும், மேலே உள்ள கடினப் பூச்சும் போய்விடும். கீறலின் விளிம்பு மட்டும் எழும்பியிருந்தால் 2000ஆம் இலக்க நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மண்தாளால்) அந்த விளிம்பை மாத்திரம் தேயுங்கள். பள்ளத்தை நகப்பூச்சால் நிரப்பிக் காயவிட்டு மட்டப்படுத்துங்கள். குழாயின் பின்பக்கத்தில் நிறம் மங்கி வெள்ளி தெரிந்தால் பூச்சே தேய்ந்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது, கைபிடிக் கழுத்தில் அல்லாமல் சீல் இருக்கும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் புஷ்ஷும் போய்விட்டது. அந்த நிலையில் சீல் வாங்குவதுகூடக் காசைக் கரைப்பதாகும்.

கேள்வி: சீல் தொகுதியைத் தபாலில் எடுப்பிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (உரும்பிராய்)

பதில்: சரியான கேள்வியைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கின்றீர்கள். 'எல்லா 32 மில்லிமீற்றருக்கும் பொருந்தும்' என்ற ஓர் இணைய விற்பனையாளரின் வார்த்தையில் நான் எடுப்பித்த தொகுதி 30 மில்லிமீற்றராக வந்து, விற்பனையாளரும் பதிலின்றி மறைந்து, இன்றும் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றது. ஷொக்கின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பருமன்கள் வந்திருக்கின்றன. மேற்குழாயின் வெளிவிட்டத்தையும், தூசிச் சீல் உட்காரும் கிண்ணத்தின் உள்விட்டத்தையும் வேர்ணியரால் அளந்து, மொடல் ஆண்டோடு சேர்த்து விற்பவருக்கு எழுதுங்கள். தொகுதியில் பஞ்சு வளையங்களும் அடிப் பொல்ட் வாஷர்களும் உண்டா என்றும் கேளுங்கள். பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் புதுச் சீல் இருந்தும் அடியால் ஒழுகும். மேல் மூடியைக் கழற்றும் சொக்கற்றின் வாய் உட்பக்கம் சரிந்திருந்தால் மூடியின் மெல்லிய விளிம்பில் வழுக்கி அதைச் சிதைத்துவிடும். அந்த வாயைத் தட்டையாகக் கடைந்து தரும் வேலையை மட்டும் லேத் பட்டறைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.